சுஜீவன் பூட்டிய கிணறு

புத்தூர்ச் சந்தியில் சுஜீவனின் படம் ஆளுயரத்துக்கு மேல் தொங்கிய நாட்களில், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காகவே அவன் சைக்கிளைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கைகளுக்குள் விட்டுச் சுற்றிப் போனான். படத்தில் அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கேடயத்தோடு, பல் தெரியச் சிரித்தபடி நின்றான். கீழே ‘செயற்கை நுண்ணறிவால் நன்னீர் காத்த எம் மண்ணின் மைந்தன்’ என்று எழுத்து. செய்வித்தவர்கள் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள். செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டுவிடாதீர்கள். மைந்தன் என்றால் என்ன என்று தெரியும், அவர்களுக்கு அது போதும். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் கண்டால் விடமாட்டார். “விஞ்ஞானி, வந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போ” என்பார். குடித்தால் காசு வாங்கமாட்டார். சுஜீவன் அரைவாசியை வைத்துவிட்டு எழும்பிவிடுவான்.

நேசராஜா மாஸ்ரரின் மூத்த பிள்ளை அவன். மாஸ்ரர் கணிதம் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைத் தட்டுப் பிடிப்பவர். மற்ற நேரமெல்லாம் தோட்டம். மகன் சின்ன வயதிலிருந்தே கழற்றுவதில் கெட்டிக்காரன், பூட்டுவதில் அவ்வளவு இல்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருமுறை, ஆலயத்து ஒலிபெருக்கி இரைகிறதென்று ஒருவரையும் கேளாமல் கழற்றித் திருத்தினான். இரைச்சல் நின்றது உண்மை. அடுத்த ஞாயிறு போதகர் “ஜெபம் செய்வோம்” என்று கண்ணை மூடவும், ஒலிபெருக்கிக்குள்ளிருந்து ஏதோ வானொலி வெங்காய விலை சொல்லத் தொடங்கியது. சபையில் பாதிப்பேர் தோட்டக்காரர். கண்ணை மூடியபடியே காதைக் கொடுத்துக் கேட்டார்கள். மாஸ்ரர் மட்டும் வீட்டுக்கு வந்து பூவரசந் தடி முறித்தார்.

உயர்தரப் பரீட்சையில் பொறியியல் பீடம் மயிரிழையில் தவறிப்போனது. மாஸ்ரர் அதற்காக மகனை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பள்ளிக்கூட ஓய்வறையில் மற்ற ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் கதையை எடுத்தால், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட நாள் முதல் சுஜீவனுக்குள் ஒரு கடன் ஏறி உட்கார்ந்தது. அவன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான். பின்னேரங்களில் கிறகோரியின் பம்ப் திருத்தும் கடையில் வேலை செய்தான். மிச்ச நேரத்தில் கைத்தொலைபேசியில் வெளிநாட்டுக்காரர்களின் பாடங்களைப் போட்டு, இயந்திரத்துக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொண்டான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் எண்ணெய் இல்லாமல் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய் வரிசையில் கான்கள் நின்றன, கான்களுக்குப் பக்கத்தில் மனிதர்கள் நின்றார்கள், தோட்டத்தில் வெங்காயம் நின்ற நிலையில் வாடியது. சுஜீவன் பழைய சூரியத்தகடுகளைத் தேடிப் பிடித்து, கிறகோரி கடையில் கிடந்த மோட்டர் ஒன்றை அதோடு பொருத்தி, தங்கள் பங்குக் கிணற்றில் இறக்கினான். எண்ணெய் இல்லாமல், புகை இல்லாமல், சத்தமும் அதிகம் இல்லாமல் தண்ணீர் வாய்க்காலில் ஓடியதைப் பார்த்து ஊர் வாயில் கைவைத்தது. அன்றைக்கு அவன் பட்ட சந்தோஷத்தில் கலப்படம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஓசிக்குக் கிடைத்தால் எந்த மனிதன் அளவோடு நிற்பான்? எண்ணெய்க்குக் காசு கொடுத்த காலத்தில் கைக்கு ஒரு அடக்கம் இருந்தது. வெயில் சும்மா வருகிறதென்றதும் விடிய வைத்த மோட்டரைப் பொழுது பட்டால்தான் நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறு கடலின் மேல் மிதக்கிற நன்னீர். மேலே அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழேயிருந்து சவர், அதாவது கடலின் உப்பு, ஏறும். அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனிக்கு மேலால் உப்புக் கரித்தது. தான் கொடுத்த வரமே கிணற்றைத் தின்கிறதென்று கண்டு, சுஜீவன் அதற்கு ஒரு மாற்று யோசித்தான்.

அந்தக் கிணற்றுக்கு ஐந்து பங்கு. பங்கு காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும், சீதனமாகக் கைமாறும், அதற்காக அண்ணன் தம்பி வெட்டுக்குத்துப் பட்டதும் உண்டு. இறைக்கிற நாளில் முறை இன்னாருக்குப் பின் இன்னார் என்று அசையாது. விடிய முதல் முறை ஐயாத்துரை வீடு. அடுத்தது மாஸ்ரர். பிறகு சுவர்ணா வீடு, அதன்பின் வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய குத்தகைக்காரர். பின்னேரம் கடைசி முறை குணலட்சுமி. அவளுடைய பங்கு தாய்வழிச் சீதனம், ஆகச் சின்னது. புருசன் பாரிசவாதத்தில் படுத்துவிட்டார். அவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவள் மண்வெட்டியோடுதான் நிற்பாள்.

சுஜீவன் யோசித்தது ஒரு பெட்டி. கிணற்றுக்குள் சவர் அளக்கிற கம்பி, நீர்மட்டம் பார்க்கிற கம்பி. மேலே ஒரு சின்னக் கணினி. சவர் ஏறின பிறகு நிறுத்திப் பயனில்லை, வரப்போவதை முன்கூட்டியே சொல்லி மோட்டரை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் செயற்கை நுண்ணறிவு. பங்காளர் கூட்டத்தில் அவன் இதைச் சொன்னபோது ஐயாத்துரை எழும்பினார்.

“எல்லாம் சரி தம்பி. நாளைக்கு உன்ரை கொப்பருக்குத் தண்ணி தேவையெண்டால் நீ பெட்டியைத் திறந்து முறுக்கமாட்டாய் எண்டு என்ன நிச்சயம்?”

“ஒருத்தரும் கை வைக்க ஏலாத மாதிரிச் செய்யிறன்.”

“நீயும்?”

“ஓம், நானும்தான்.”

கிணற்று விஷயத்தில் சொந்தப் பெண்சாதியையும் நம்பாத சனத்துக்கு அந்தப் பேச்சு இனித்தது. உறவும் இல்லாத பகையும் இல்லாத ஒரு நீதவான் கிடைத்துவிட்டான் என்று கைதட்டினார்கள். அப்படியே பெட்டி சீல் வைக்கப்பட்டது. கடவுச்சொல், செலவுக்கு உதவிய நிறுவனத்திடம் போனது. ஒவ்வொரு பங்காளருக்கும் சாவிக்கொத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று. மாஸ்ரருக்குச் சிவப்பு, குணலட்சுமிக்கு நீலம். தன் முறைக்குத் தன் வில்லையைப் பெட்டியில் வைத்தால்தான் மோட்டர் ஓடும். மற்றவரின் வில்லையை வைப்பது களவு என்று கூட்டத்திலேயே தீர்மானம் எழுதினார்கள். ஒரு கோடை முழுவதும் பெட்டி பேசாமல் எல்லாவற்றையும் பதிந்துகொண்டது: எத்தனை மணி, என்ன மட்டம், எவ்வளவு சவர், யாருடைய வில்லை. அதை வைத்து அவன் அதற்குக் கற்பித்தான். ஆளுக்காள் இறைக்கிற விதம் வேறு, ஆகவே ஆளின் பெயரும் இருந்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும் என்று நினைத்துத்தான் பெயர்களையும் சேர்த்தான்.

துல்லியமாகத்தான் வந்தது. கொழும்பில் நடந்த கண்டுபிடிப்புப் போட்டியில் நடுவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். கேடயம் கிடைத்தது. ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். தாய் ஐரிஸ் அழுதாள். ஓய்வுபெற்ற மாஸ்ரர் தன் பழைய பள்ளிக்கூட ஓய்வறைக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய் இருந்துவிட்டு வந்தார். பெட்டிக்குக் குரல் கொடுத்தவள் தங்கை அபிகாயில். பாடற்குழுவில் பாடுகிற குரல். நிறுத்த வேண்டிய நேரத்தில் சிவப்பு விளக்கோடு அவள் தேனாய்ச் சொல்லுவாள்: “தண்ணீர் சவராகப் போகிறது. போதும், தயவுசெய்து நிறுத்துங்கோ.”

அதை அதிகம் கேட்டவள் குணலட்சுமி. பின்னேரம் அவள் நீல வில்லையை வைத்தவுடனேயே பல நாள் அபிகாயில் கெஞ்சுவாள். கடைசி முறை, அப்பிடித்தானே இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள். அவளுடைய தோட்டத் தறையில் பாதி தரிசாய்க் கிடந்தது.

பிறகு ஐயாத்துரை செத்தார். செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பங்குக் கிணற்றில் இறைப்பதில்லை. அந்த முறை சும்மா போகாமல் கடைசி ஆளுக்குப் போகும். அது அந்தக் கிணற்றின் பழைய வழமை. அப்படி, வாழ்க்கையில் முதல்தடவையாக, குணலட்சுமிக்கு விடியற்கால முறை கிடைத்தது. கிணறு நிரம்பிக் கிடந்தது. அவள் கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். இளநீர்போல இருந்தது. ஆசையோடு நீல வில்லையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“தண்ணீர் சவராகப் போகிறது. போதும், தயவுசெய்து நிறுத்துங்கோ.”

இன்னும் ஒரு சொட்டும் இறைக்கவில்லை. தன் முறைக்காக வந்து நின்ற மாஸ்ரர் சிரித்துச் சமாளித்தார். “மிசின் முன்கூட்டியே சொல்லுது பிள்ளை. நீ கொஞ்சம் பொறு” என்றார். பொறுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். திரும்பவும் அதே கெஞ்சல். பிறகு மாஸ்ரர் தன் சிவப்பு வில்லையை வைக்க, மோட்டர் மறுபேச்சில்லாமல் ஓடியது. பக்கத்தில் நின்ற சுவர்ணா குணலட்சுமியை ஒரு பார்வை பார்த்தாள். குணலட்சுமி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்ரை கை பட்டாலே தண்ணி உவர்க்கும் போலை” என்றாள். பகிடியாகச் சொல்ல நினைத்தாள்; குரல் பகிடியாக வரவில்லை.

ஊருக்கு அது போதும். முதலே இருந்த கதைதானே: கலியாணம் முடித்த வருசம் மாமனார் போனார், பிறகு புருசன் விழுந்தார். இப்போது மிசினும் சொல்லிவிட்டது. மிசினுக்கு வஞ்சகம் தெரியுமோ? அதற்கு உறவா, பகையா?

தகப்பன் இதை ஒரு ஊர்ப் புதினமாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது சுஜீவனின் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. மத்தியானம் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, குணலட்சுமியிடம் “ஒருக்கால் செக் பண்ணப்போறன் அக்கா” என்று நீல வில்லையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். சிவப்பை வைத்தான், ஓடியது. நீலத்தை வைத்தான், நின்றது. அதே தண்ணீர், அதே நேரம்.

வீட்டுக்கு வந்து அறையைப் பூட்டிக்கொண்டு கணினியில் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கற்பித்துப் பார்த்தான். கொழும்பு நடுவர்கள் புருவம் உயர்த்திய துல்லியம் பொலபொலவென்று உதிர்ந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: பின்னேரமானால் சவர் ஏறும். அதை அந்த ஊரில் பால்குடிப் பிள்ளையும் சொல்லும். அவனுடைய அறிவாளிப் பெட்டி கிணற்றைப் படிக்கவே இல்லை. முறைவரிசையைத்தான் படித்திருந்தது. கடைசியில் வருகிறவள் குணலட்சுமி, கடைசியில் வருவது சவர், ஆகவே குணலட்சுமிதான் சவர். அதற்கு அப்படிப் படிப்பித்தவன் அவன்.

திருத்தலாமென்றால் திறக்க முடியாது. ஆப்பிழுத்த குரங்கின் நிலை. தானே பூட்டி, தானே சீல் வைத்து, சாவியைத் தானே தூக்கிக் கொடுத்திருந்தான். நிறுவனத்தின் அலுவலர் வசந்தினிக்குத் தொலைபேசி எடுத்தான். கெட்டவள் இல்லை அவள், முழுக்கக் கேட்டாள்.

“சுஜீவன், எனக்கு விளங்குது. ஆனால் இன்னும் நாற்பது கிணத்துக்குப் பெட்டி போடுற திறப்புவிழா வாற கிழமை. கொழும்பிலையிருந்து பெரியவர் வாறார். இப்ப திறக்கப்போனால் ஏன் எண்டு கேப்பினம். விழா முடியட்டும், மெல்லமாத் திருத்துவம்.”

“நாற்பது கிணத்திலையும் கடைசி முறைக்கு ஒரு ஆள் இருக்கும் அக்கா.”

“அதுதான் சொல்லுறன், பிறகு திருத்துவம்.”

தகப்பனிடம் சொன்னான். மாஸ்ரர் கணக்குக்காரர், உடனே விளங்கிக்கொண்டார். விளங்கியதுதான் வினை. “இதை ஆருக்கும் கதையாதை” என்றார். “நான் என்ரை வில்லையைக் குணத்திட்டைக் குடுக்கிறன். அவள் அதிலை இறைக்கட்டும். தண்ணிதானே பிரச்சினை?”

“தண்ணி மட்டும் இல்லை அப்பா.”

“வேறை என்ன?” என்று மாஸ்ரர் கத்தினார். “இத்தனை வருசத்துக்குப் பிறகு நான் நிமிர்ந்து நடக்கிறன். அது உனக்குப் பிடிக்கேல்லையோ?”

தகப்பன் நிமிர்ந்து நடப்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தான். இப்போது அதுவே கழுத்தில் கல்லாகத் தொங்கியது. தாய் இரண்டு பேரையும் பார்த்து, ஜெபம் பண்ணுங்கோ என்றாள். அவன் ஒழுங்கைகளுக்குள்ளால் சைக்கிள் ஓடினான். எந்த ஒழுங்கையால் போனாலும் கடைசியில் ஒன்றில் சந்தி வந்தது, அல்லது கிணறு வந்தது. கொழும்புக்கு ஓடிவிடலாமா, நோய் என்று படுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தான். பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு முகத்திலும் எரிச்சல் வந்தது.

விழாவுக்கு முதல்நாள் சுவர்ணாவின் தறையில் வெங்காய நடுகை. பெண்கள் வரிசையாகக் குந்தி நட்டுக்கொண்டு போனார்கள். ஒழுங்கையால் போன சுஜீவன், குணலட்சுமி வழக்கம்போல வந்து வரிசையில் குந்துவதைக் கண்டான். சுவர்ணா ஓடிவந்தாள்.

“குணமக்கா, நீங்கள் நடாதேங்கோ. குறை நினையாதேங்கோ. அங்காலை நிண்டு தேத்தண்ணியை ஊத்துங்கோவன்.”

குணலட்சுமி கையிலிருந்த விதைவெங்காயத்தை வைத்துவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். தேத்தண்ணியை ஊற்றி வரம்பிலே வைத்தாள். ஒருவர் கையிலும் நேரே கொடுக்கவில்லை. அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள். சுஜீவன் சைக்கிளைத் திருப்பி, இந்தமுறை ஒழுங்கைகளை விட்டுச் சந்தி வழியே வீட்டுக்குப் போனான்.

அடுத்தநாள் காலை கிணற்றடியில் பந்தல், தோரணம், ஒலிவாங்கி. கொழும்புப் பெரியவர் முன்வரிசையில். வசந்தினி நிகழ்ச்சியை நடத்தினாள். செவ்வரத்தம்பூ பரப்பிய தட்டத்தில் மாஸ்ரரின் சிவப்பு வில்லை தயாராக இருந்தது. கண்டுபிடித்தவர் கையாலேயே தொடக்கிவைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். சுஜீவன் பெட்டியடிக்குப் போனான். தட்டத்தை எடுக்கவில்லை. பெண்களுக்குப் பின்னால், வேலியோரமாக ஒதுங்கி நின்றவளைப் பார்த்தான்.

“குணமக்கா, உங்கடை வில்லையைத் தாங்கோ.”

அவள் பதறிப்போனாள். “ஐயோ தம்பி, வேண்டாம். நல்ல காரியம் நடக்குது.”

“இண்டைக்கு முதல் முறை உங்கடைதானே. தாங்கோ அக்கா.”

அவள் வரவில்லை. அவனே போய் வாங்கிவந்து நீல வில்லையைப் பெட்டியில் வைத்தான். தோரணத்துக்குக் கீழே, அத்தனை பேருக்கும் கேட்க, தங்கையின் தேன்குரல் கெஞ்சியது. சிலர் சிரித்தார்கள். அவன் சிவப்பை வைத்தான். மோட்டர் ஓடி வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. நீலத்தை வைத்தான், நின்றது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“சுஜீவன்!” என்று வசந்தினி தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். அவன் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“இந்தப் பெட்டி தண்ணியைப் பாக்கேல்லை. ஆளைத்தான் பாக்குது. குணமக்கா எப்பவும் கடைசியிலை வந்தவ. பின்னேரத் தண்ணி எப்பவும் சவர். ரெண்டும் ஒண்டெண்டு இதுக்குப் படிப்பிச்சது நான். எனக்குக் கேடயம் தந்தது இந்தப் பிழைக்குத்தான். இதை நாற்பது கிணத்திலை பூட்டாதேங்கோ.”

கொழும்புப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறான் என்று கேட்டார். மாஸ்ரர் எழும்பினார். மகனை ஏசப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் பந்தலை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி வீதிப் பக்கம் நடந்து போனார். அந்தக் குனிந்த முதுகு தன் வாழ்நாள் முழுவதும் கண்ணைவிட்டுப் போகாது என்று சுஜீவனுக்குத் தெரிந்தது.

பின்னால் காலடி கேட்டது. குணலட்சுமி வேலியோரத்தை விட்டு வந்து நின்றாள். வில்லையை வாங்குவதற்காக நீட்டிய கையை, பாதியில் தயங்கி இழுத்துக்கொண்டாள்.

“அப்ப... என்ரை கை இல்லையோ தம்பி?”

“இல்லை அக்கா. என்ரை கை.”

புருசன் விழுந்த அன்றைக்கும் அழாதவள் என்று ஊர் சொல்கிற அந்த மனுசி, சுவர்ணாவுக்கும் கொழும்புப் பெரியவருக்கும் எல்லாருக்கும் முன்னால் அப்படியே மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்து அடித்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.